தொட்டிப் பூஜை

அந்த பஸ் ஜன்னல் ஷட்டரைக் கொஞ்சம் இறக்கி விடுங்க சார், சாரல் உங்க மேலதான் அடிக்குது. இறங்கலையா? விடுங்க. இந்தாங்க, இந்தச் சால்வையை மடியில போட்டுக்குங்க. புதுசுதான், இன்னைக்குக் காலையில போத்துனது. நனைஞ்சா நனையட்டும் சார். நனையணும்னுதான் குடுக்குறேன்.

எதுக்குப் போத்துனாங்களா? பாராட்டு விழா. எனக்குத்தான். மூஞ்சியப் பாத்தா பாராட்டு வாங்கிட்டு வர்ற ஆளு மாதிரியா இருக்கு? 'நீங்க ரொம்ப உழைச்சுட்டீங்க ஆதிமூலம், இனிமே ரெஸ்ட் எடுங்க'ன்னு சொல்லி, சால்வை போத்தி, கையில ஒரு கண்ணாடிக் கட்டடத்தைக் குடுத்து வாசல் வரைக்கும் கொண்டாந்து விட்டாங்க. பையில இருக்கு பாருங்க. ஷோகேஸ்ல வைக்கிற சாமான். அதுல இருக்கிற கட்டடம் எங்க கம்பெனிக் கட்டடமே இல்ல சார். கடையில ரெடிமேடா இருந்ததை வாங்கியாந்திருக்காங்க. அத்தனை கட்டடம் கட்டுனவனுக்கு எவனோ கட்டுன கட்டடத்தைக் குடுத்து அனுப்புறாங்க.

இருபது வருஷத்துக்கு மேல ஒரே கம்பெனி. ஃப்ளாட் கட்டி விக்கிறவங்க. பள்ளிக்கரணை, மேடவாக்கம், சித்தாலப்பாக்கம்னு அந்தப் பக்கம் எங்க கை படாத ஏரிக்கரை கிடையாது. நான் மேஸ்திரிகிட்ட ஆளுங்களைப் பாத்துக்க வந்தவன். பெரியவர், அதாவது எங்க முதலாளி, என்னைக் கண்டெடுத்து சைட் இன்சார்ஜ் ஆக்குனாரு. எந்த சைட்டா இருந்தாலும் அஸ்திவாரத்துல இருந்து சாவி குடுக்குற வரைக்கும் நான்தான்.

நான் வயித்தெரிச்சல் படறது அனுப்புனதுக்காக இல்ல சார். அனுப்புன நாளுக்காக. நாளைக்குக் காலையில எங்க சைட்ல தொட்டிப் பூஜை. அந்தப் பூஜையில தாம்பாளம் பிடிக்கிறது நான். எல்லா சைட்லயும் நான்தான். பெரியவரோட சம்சாரம், பெரியம்மான்னு சொல்லுவோம், அவங்க கலசத்தை எடுத்துத் தொட்டிக்குள்ள முதத் தண்ணி ஊத்துவாங்க. பக்கத்துல தாம்பாளத்தோட நான் நிப்பேன். போட்டோவுல பாத்தீங்கன்னா பெரியம்மா, ஐயரு, நான். நாளைக்குப் பூஜையை வச்சுக்கிட்டு இன்னைக்குச் சால்வை போத்துறான். ஒரு நாள் பொறுத்து அனுப்பியிருந்தா இவனுங்களுக்குக் குடியா முழுகிப் போயிடும்?

அடிக்கட்டும் சார், என் ஃபோன்தான். சைட்ல இருந்து. காலையில வழியனுப்பி வச்சுட்டு செங்கல்பட்டு தாண்டறதுக்குள்ள என்ன பாசம் பாருங்க. நான் எடுக்கல.

அனுப்புனது பெரியவர் இல்ல. அவரு கையெடுத்துக் கும்பிட்டாரு, அவ்வளவுதான். எல்லாம் சின்னவர் வேலை. பையன். ஆஸ்திரேலியாவுல படிச்சுட்டு வந்தாரு. வந்ததுல இருந்து ஒரே பல்லவி. 'நாம பழைய ப்ராஜெக்ட்ல இருந்து எதையும் கத்துக்கவே இல்ல, செஞ்ச தப்பையே செய்யறோம்.' இத்தனை கட்டடம் நிக்குது, ஒண்ணும் விழல, என்னத்தைக் கத்துக்கணும்ங்கறேன்? சொன்னா கேப்பாரா? ஒவ்வொரு சைட்டும் முடிஞ்சதும் ஒரு கூட்டம் போடணும்னுட்டாரு. 'பாடம் கத்துக்கற கூட்டம்'னு அதுக்குப் பேரு. இந்த வயசுல எனக்குப் பாடம்.

அது எப்படி நடக்கும்னு கேளுங்க. ஏசி ரூம். கண்ணாடிச் சுவரு. ஆளுக்குக் கொஞ்சம் கலர் காகிதம் குடுப்பாங்க, பின்னாடி பசை இருக்கும். நல்லா நடந்ததைப் பச்சைக் காகிதத்துல எழுதி ஒட்டணும். தப்பா நடந்ததைச் சிவப்புக் காகிதத்துல எழுதி ஒட்டணும். சின்னவர் நடுவுல நின்னுக்கிட்டு, 'பயப்படாம எழுதுங்க, இங்க யாரையும் யாரும் குத்தம் சொல்லப் போறதில்ல'ம்பாரு. பால்வாடியில பிள்ளைங்களை உக்கார வச்ச மாதிரி எங்களை உக்கார வச்சிருப்பாரு.

முதக் கூட்டத்துல சக்கரியான்னு ஒருத்தர் எழுதுனாரு. டைல்ஸ் ஃபோர்மேன். நல்ல மனுஷன், ஆனா விவரம் பத்தாது. வெளிப்படையா எழுதுன்னதும் நெசமாவே எழுதிட்டாரு. 'தரை ஈரம் காயறதுக்குள்ள டைல்ஸ் போடச் சொல்லிட்டாங்க, அதனாலதான் நாலாவது மாடி முழுக்கப் பெயர்ந்துச்சு'ன்னு. யாரு போடச் சொன்னது? சின்னவர்தான். வீடு வாங்குனவங்களுக்கு அவரு ஒரு தேதி குடுத்துட்டாரு. அன்னைக்குச் சின்னவர் கையெல்லாம் தட்டுனாரு. 'இதுதான் வேணும், இப்படித்தான் பேசணும்'னாரு. அடுத்த மாசம் சக்கரியாவை ஓசூர் குடோனுக்குத் தூக்கிப் போட்டாச்சு. குடும்பம் தாம்பரத்துல, ஆளு ஓசூர்ல. கொஞ்ச நாள் பாத்துட்டு வேலைய விட்டுட்டாரு.

நுணலும் தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க. அதுக்கப்புறம் பாருங்க, சிவப்புக் காகிதத்துல என்ன இருக்கும்ங்கறீங்க? 'டீ லேட்டா வருது.' 'லேடீஸ் டாய்லெட் தாழ்ப்பாள் சரியில்ல.' நான் எப்பவும் பச்சைக் காகிதம்தான். 'பூஜை சிறப்பாக நடந்தது.' எல்லாக் கூட்டத்துலயும் அதேதான். சின்னவர் அதையும் படிச்சு, போட்டோ எடுத்து, கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சாரு. கத்துக்கிட்டாராம்.

அப்படின்னா தப்பே நடக்கலையான்னு கேக்குறீங்க. உங்களைப் பாத்தா நம்ம தொழில் மாதிரி தெரியல. ஸ்கூல் வாத்தியாரா? எல்.ஐ.சி.யா? சரி, நல்லதாப் போச்சு. விழுப்புரத்துல நீங்க இறங்கிடுவீங்க, நான் பண்ருட்டி போயிடுவேன். நம்ம ரெண்டு பேரும் இனிமே பாத்துக்கப் போறதில்ல. அதனால சொல்றேன். பெத்த பொண்டாட்டிகிட்டகூட இதைச் சொன்னதில்ல. கட்டுன பொண்டாட்டி. கோவத்துல வாய் குழறுது பாருங்க.

எங்க கம்பெனியோட முதப் பெரிய ப்ராஜெக்ட், பள்ளிக்கரணை தாண்டி. சதுப்பு நிலம். நாலு அடி தோண்டுனா தண்ணி. அங்க சம்ப் கட்டுனோம். சம்ப்புன்னா தெரியுமில்ல, தரைக்கடியில கட்டுற தண்ணித் தொட்டி. வீட்டுக்குக் கட்டுற சின்னத் தொட்டி இல்ல, அத்தனை குடும்பத்துக்கும் தண்ணி வேணுமே, ஒரு கல்யாண மண்டபத்துச் சமையக்கட்டு அளவு இருக்கும். நாலு பக்கமும் கான்கிரீட், மேலயும் கான்கிரீட். மண்ணுக்குள்ள. ஐப்பசி மாசம். இதே மாதிரி மழை.

அந்தத் தொட்டி மேல வந்துடுச்சு சார்.

சிரிக்காதீங்க. நானும் அப்படித்தான் நின்னேன். மண்ணுக்குள்ள புதைச்ச கான்கிரீட் தொட்டி, மழை விட்டுப் பாத்தா தரைக்கு மேல என் இடுப்பு உசரத்துக்கு வந்து நிக்குது, ஒரு பக்கமாச் சாஞ்சுக்கிட்டு. பைப்பெல்லாம் பிச்சுக்கிட்டுப் போச்சு. பக்கத்துல காம்பவுண்டுச் சுவரு. அதோட அடிமண்ணையும் சேத்துப் பிச்சுக்கிட்டு வந்ததுல, சுவரு அப்படியே உள்பக்கமாப் படுத்துடுச்சு. சுவரோரம் லேபர் ஷெட்டு. ஒரிசாக்காரங்க. ஒரு பொம்பளை உள்ள சோறு வடிச்சுக்கிட்டு இருந்திருக்கு, சுவரு அது இடுப்புல விழுந்துடுச்சு. பேரு ஞாபகமில்ல. ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில வச்சுப் பாத்து, ரயிலேத்தி அனுப்பி வச்சோம். புருஷன்காரன் முதுகுல தூக்கிட்டுப் போனான். அது கெடக்கட்டும், நான் சொல்ல வந்தது தொட்டிய.

ஏன் வந்துச்சுன்னு பாக்க பெரியவர் ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டாரு. ரிட்டயர்டு ஆளு, பி.டபிள்யூ.டி.யில இருந்தவரு. அவரு வந்து சுத்திப் பாத்துட்டு எங்க ரெண்டு பேரை மட்டும் ஓரமாக் கூப்பிட்டாரு. 'மழைக்காலத்துல தொட்டிய யாரு காலி பண்ணச் சொன்னது?'ன்னு கேட்டாரு. நான் பெரியவரைப் பாத்தேன். பெரியவர் தரையப் பாத்தாரு. வீடு புக் பண்ண பார்ட்டிங்க வர்றாங்க, உள்ள இறங்கிப் பாக்கட்டும், எவ்வளவு பெருசுன்னு தெரியட்டும்னு தண்ணிய இறைக்கச் சொன்னது அவருதான். அந்த இன்ஜினியர் ஒரே வார்த்தையில சொன்னாரு. வெத்து அண்டாவைத் தண்ணிக்குள்ள அமுக்குனா மேல வருமா வராதா? அதேதான். சுத்தி நிலத்தடி நீரு ஏறும், உள்ள வெத்தா இருந்தா தொட்டியத் தூக்கிரும். உள்ள தண்ணி இருந்தா அந்தக் கனத்துக்கு அசையாது. மழைக்காலத்துல தொட்டிய வெறுசா விடாதீங்க. அவ்வளவுதான் பாடம். ஒரு செலவும் இல்ல.

அவரு போனதும் பெரியவர் என் தோள்ல கையை வச்சாரு. அதுவரைக்கும் அவரு யாரையும் தொட்டதில்ல சார். 'ஆதிமூலம், இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும்'னாரு. 'தொட்டி மிதந்த கம்பெனின்னு பேரு வந்துச்சுன்னா ஒருத்தன் வீடு வாங்க மாட்டான்.' நான் கையடிச்சுக் குடுத்தேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு வளந்தவங்க நாம. அன்னைக்கே சுத்தித் தகரம் அடிச்சு மறைச்சு, தொட்டிய உடைச்சு, புதுசா கட்டுனோம். ஒரு பயலுக்குத் தெரியாது. என்னைப் போல ரகசியம் காக்கறவன் அந்தக் கம்பெனியில உண்டா? எத்தனை சைட் இன்ஜினியர் வந்தான், போனான். ஒருத்தன்கிட்ட மூச்சு விட்டிருப்பேனா? விடல சார்.

ஆனா பெரியம்மா விடல. வீட்டுக்காரரு ராத்திரியெல்லாம் தூங்கலையே, சைட்ல என்ன நடந்துச்சுன்னு என்னைக் கூப்பிட்டுக் கேட்டாங்க. ஐயா காலி பண்ணச் சொன்னாருன்னு நான் சொல்ல முடியுமா? சட்டுன்னு வாயில வந்ததைச் சொன்னேன். 'ஜல தோஷம்னு நெனைக்கிறேன்மா. பூமித் தொட்டியத் திறக்கறதுக்கு முன்னாடி நாம ஒண்ணுமே செய்யல பாருங்க'ன்னேன். அவங்களுக்கு அது போதுமா இருந்துச்சு. ஐயரைக் கூப்பிட்டாங்க. ஐயருக்கென்ன, தட்சணை வருதுன்னா ஜலத்துக்கும் தோஷம் உண்டு, நெருப்புக்கும் தோஷம் உண்டு. அன்னைக்கு ஆரம்பிச்சதுதான் தொட்டிப் பூஜை.

ஆமா சார். அந்தப் பூஜையை ஆரம்பிச்சு வச்சதே நான்தான். அதைத்தான் சொல்றேன். அதுல இருந்து எந்த சைட்டானாலும் சாவி குடுக்கறதுக்கு முன்னாடி தொட்டியச் சொட்டுத் தண்ணி இல்லாம இறைச்சு, உள்ள இறங்கிக் கழுவி, துணிய வச்சுத் துடைச்சு, தரையில மாக்கோலம் போட்டு, நாலு மூலையிலயும் மஞ்சள் வச்சு, ஒரு நாள் அப்படியே விடணும். கன்னித் தொட்டியா இருக்கணும்னு ஐயர் சொன்னாரு. மறுநாள் பூசணிக்காய் உடைச்சு, பெரியம்மா கையால முதத் தண்ணி. அதுக்கப்புறம் ஒரு சைட்லயாவது தொட்டி மிதந்துச்சா? இல்லையே. எல்லாப் பூஜையும் தை, மாசி, சித்திரைன்னு வெயில்லதான் நடந்துச்சு, அதை விடுங்க. பூஜைக்குப் பலன் இருக்கா இல்லையா? சின்னவர் கலர் காகிதம் ஒட்டி ஒண்ணும் நடக்கல, என் பூஜையை எல்லாரும் செய்யறாங்க. கம்பெனி பழசுல இருந்து கத்துக்கிட்டதுன்னா அது ஒண்ணுதான்.

மறுபடியும் அடிக்குது. அதே நம்பர்தான். மெர்லின்னு ஒரு பொண்ணு, சைட் இன்ஜினியர். திசையன்விளைப் பக்கம். வேலைக்குச் சேந்து ஒரு வருஷம் இருக்கும். இன்னைக்கு எனக்குப் போத்துன சால்வை வாங்கியாந்ததே அந்தப் பொண்ணுதான், கலரு நல்லாத்தான் பாத்து வாங்கியிருக்கு. ஆனா அது வாயி இருக்கே.

போன கூட்டத்துல எல்லாரும் டீ, டாய்லெட்டுன்னு ஒட்டிக்கிட்டு இருக்கும்போது அது எந்திரிச்சு நின்னு ஒரு கேள்வி கேட்டுச்சு. 'பூஜைக்கு ஏன் சார் தொட்டிய முழுசா காலி பண்றோம்? கொஞ்சம் தண்ணி வச்சுக்கிட்டுப் பூஜை பண்ணா என்ன? இந்தத் தடவை பூஜை ஐப்பசியில வருது, அடியில தண்ணி மட்டம் ஏறுமே. இதுக்கு முன்னாடி எந்த ப்ராஜெக்ட்லயாவது தொட்டிக்கு ஏதாவது ஆகியிருக்கா?'

பெரியவர் அன்னைக்குக் கூட்டத்துக்கு வந்திருந்தாரு. எப்பவும் வர மாட்டாரு. மூலையில உக்காந்திருந்தாரு. நான் அவரைப் பாத்தேன். அவரு என்னைப் பாத்தாரு. சார், அந்தப் பார்வையில ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனை எவ்வளவு நம்புறான்னு இருந்துச்சு. நான் எந்திரிச்சு, 'ஒண்ணும் ஆனதில்லம்மா. இது கம்பெனி வழக்கம். சாமி காரியத்துல ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாது'ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அந்தப் பொண்ணு உக்காந்துடுச்சு. பெரியவர் லேசாத் தலைய ஆட்டுனாரு. அந்தத் தலையாட்டலுக்காக நான் இன்னும் பத்து வருஷம் அங்க உழைச்சிருப்பேன்.

ஆனா என்ன பண்ணாங்க? கூட்டம் முடிஞ்ச மறுவாரம் சின்னவர் என்னை ரூமுக்குக் கூப்பிடறாரு. 'கேள்வி கேக்கறவங்களை அடக்குறீங்க, உங்க அனுபவத்தை நீங்க யாருக்கும் சொல்லிக் குடுக்கவும் மாட்டேங்கறீங்க'ங்கறாரு. நானா? என்னையா பாத்துச் சொல்றது? என்கிட்ட யாராவது மரியாதையா வந்து கேட்டாங்களா? கண்ணாடிச் சுவத்துல காகிதம் ஒட்டச் சொன்னா அனுபவம் வந்துடுமா? நெஞ்சுக்குள்ள வச்சுக் காப்பாத்துன ஒண்ணை அப்படியா கேக்கறது? பெரியவர்கிட்டப் போய் நின்னேன். அவருக்காகத்தானே மறைச்சேன், ஒரு வார்த்தை பையன்கிட்டச் சொல்லலாமில்ல? 'பையன் எடுக்குற முடிவுல நான் தலையிடறதில்ல ஆதிமூலம்'னுட்டாரு. அந்தக் கையி தோள் மேல வரல சார். கும்பிடு போட்டுச்சு.

நான் அழல. கண்ணுல சாரல்.

இன்னைக்குக் காலையில பத்து மணிக்குச் சால்வைன்னாங்க. நான் விடியும்போதே சைட்டுக்குப் போயிட்டேன். அனுப்புறவன் அனுப்பட்டும், நம்ம வேலைய நாம சுத்தமா முடிச்சுக் குடுத்துட்டுப் போகணுமில்ல. நானே நின்னு மோட்டார் போட்டுத் தொட்டிய இறைச்சேன். ஆள் இறக்கிக் கழுவ விட்டேன். மூலையில ஒரு கை அளவு தண்ணி நின்னுச்சு, அதையும் துணிய முக்கிப் பிழிஞ்சு எடுக்க வச்சேன். கோலம்கூட நான் சொல்லிக் குடுத்த கோலம்தான். கண்ணாடி மாதிரி இருக்கு இப்ப. நாளைக்கு எவன் தாம்பாளம் பிடிச்சா என்ன, தொட்டிய அப்படி வச்சது ஆதிமூலம்.

ஆமா, காலியாத்தான் இருக்கு. ஏன் கேக்குறீங்க?

மழையா? மத்தியானத்துல இருந்து அடிக்குது. மெட்ராஸ் முழுக்க இதேதான்னு கண்டக்டர் சொல்லிக்கிட்டு இருந்தாரே.

என்ன சார் அப்படிப் பாக்குறீங்க. எனக்குத் தெரியாதுன்னா நெனைக்கிறீங்க? எனக்குத் தெரியும். எனக்கும் பெரியவருக்கும் மட்டும்தான் தெரியும். பெரியவர் வாயத் திறக்கட்டுமே. அவரு கம்பெனி, அவரு தொட்டி, அவரு பெத்த பையன். வெளிய போடான்னு சால்வை போத்தி அனுப்புனவங்களுக்கு நான் பஸ்ல இருந்து பாடம் நடத்தணுமா? கத்துக்கறவங்களாச்சே, கத்துக்கட்டும். பழைய குருடி கதவைத் திறடின்னு தொட்டி மறுபடியும் மேல வந்து நிக்கும்ல, அப்பத் தெரியும் ஆதிமூலம் யாருன்னு.

சும்மா இருங்க, அடிக்குது. சரி, எடுக்குறேன். உங்களுக்காக எடுக்குறேன்.

ஹலோ. சொல்லும்மா. பஸ்ல இருக்கேன், சரியாக் கேக்கல. ம். ம். தொட்டியோரம் தரையில விரிசலா? மழைக்கு மண்ணு இறங்கும்மா, அது எல்லா சைட்லயும் இருக்கறதுதான். பைப்பு வளைஞ்சிருக்கா. ம். சின்னவர்கிட்டச் சொன்னியா? தண்ணி விட்டா பூஜை கெட்டுடும்னு பெரியம்மா சொல்றாங்களா. அப்புறம் என்ன, அவங்க சொன்னாச் சரிதான். எங்க? பள்ளிக்கரணையிலயா? யாரு சொன்னது உனக்கு? அங்க ஒண்ணும் ஆகலம்மா. நல்லாத்தான் இருந்துச்சு. சிக்னல் போயிடுச்சு, வைக்கிறேன்.

பாத்தீங்களா சார். பாத்தீங்களா. மனுஷனை வாசல்ல விட்டுட்டு வந்தப்புறம் அனுபவம் தேடுது. இருபது வருஷம் ஒரு பய என்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டதில்ல.

இப்பக் கேட்டுச்சேன்னா? அது, இப்ப, சரி கேட்டுச்சு. அதுக்கு?

ஷெட்டா? லேபர் ஷெட்டு எங்க இருக்கும், சுவரோரம்தான். வேற எங்க போடறது? தொட்டிக்கும் சுவத்துக்கும் நடுவுலதான் இடம் இருந்துச்சு, நான்தான் காட்டுனேன். எப்பவும் அங்கதான் போடுவோம். பக்கத்துலயே தண்ணி, சோறாக்கச் சௌகரியம். ஒரிசாக்காரங்கதான் இப்பவும். மழையில வேலை இல்ல, எல்லாரும் உள்ளதான் இருப்பாங்க. இந்நேரம் உலை வச்சிருப்பாங்க.

...

சாபித்ரி.

இல்ல, அந்தப் பொம்பளை பேரு. பள்ளிக்கரணையில. சாபித்ரின்னு அவ புருஷன் கூப்பிட்டுக்கிட்டே மண்ணை வாரிப் போட்டான். இப்பத்தான் ஞாபகம் வருது. ஏன் வருதுன்னு தெரியல. நீங்க கண்டதையும் கேட்டுக் கேட்டு ஞாபகப்படுத்துறீங்க.

பேசாம வந்துக்கிட்டு இருந்தேன் சார். உங்க பக்கத்துல உக்காந்ததுதான் தப்பு. இன்னும் நடுவுல ஒரு சீட்டு காலியாத்தான் இருந்துச்சு.

திரும்பவும் அடிக்குது பாருங்க. அதேதான். இந்தப் பொண்ணுக்கு வெக்கமே கிடையாதா? இப்பத்தானே ஒண்ணும் ஆகலன்னேன். நான் சொன்னா நம்ப வேண்டியதுதானே, இருபது வருஷமா எல்லாரும் நம்பல?

என்ன சார், கையை நீட்டுறீங்க? எதுக்கு ஃபோன் உங்களுக்கு? உங்களுக்கும் எங்க கம்பெனிக்கும் என்ன சம்பந்தம்? விழுப்புரம் டிக்கெட் எடுத்தவரு விழுப்புரம் போய்ச் சேருங்க. பெரியவருக்கு நான் கையடிச்சுக் குடுத்திருக்கேன். அவரு மறந்துட்டாருன்னா நானும் மறந்துடணுமா? என் வாயால இது வெளிய வராது. வராதுன்னா வராது.

கட்டாயிடும் சார். நாலஞ்சு மணி அடிச்சா கட்டாயிடும் அது.

புடிங்க. புடிங்கன்னு சொல்றேன்ல. பச்சைய அமுக்குங்க. முதல்ல சுவரோரம் இருக்கறவங்களை வெளிய கூப்பிடச் சொல்லுங்க. உலை கொதிச்சாலும் அப்படியே விட்டுட்டு வரச் சொல்லுங்க, பிள்ளைங்களை எண்ணிப் பாக்கச் சொல்லுங்க. அப்புறம் தொட்டிய நிரப்பணும். மோட்டாரை நம்ப வேணாம், சைட்ல தேங்கி நிக்குற மழைத் தண்ணியை வாய்க்கா வெட்டி மூடி வழியா உள்ள விடச் சொல்லுங்க. அழுக்குத் தண்ணியானா என்ன. கோலம் அழிஞ்சா அழியட்டும். பெரியம்மா கத்துனா கத்தட்டும்.

நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. பஸ்ல யாரோ ஒருத்தர் சொன்னாருன்னு சொல்லுங்க. வெளியாளு சொன்னாத்தான் சார் அங்க கேப்பாங்க.